ஏழு வாரக் குழந்தையின் படங்கள்: ஸ்டாக் தளத்தில் ஏற்றலாமா?

வெளிச்சக்கீற்று:

வணக்கம். மூன்று வருடமாக ஸ்டாக் தளங்களுக்கு, அதாவது படங்களுக்கு உரிமம் கொடுத்து விற்கும் இணையதளங்களுக்கு, படம் கொடுத்து வருகிறேன். எல்லாம் இலை, மழைத்துளி, மேசை மேல் வைத்த சாமான்கள். மனித முகத்தை எடுத்து ஏற்றியதே இல்லை. போன வாரம்தான் முதல்முறையாக என் அக்கா மகளை எடுத்தேன். பிறந்து ஏழு வாரம் ஆகிறது. அக்காவும் மாமாவும் மனதாரச் சரி சொன்ன பிறகுதான் கேமராவையே கையில் எடுத்தேன்.

340 படம் எடுத்ததில் 14 தேறியது. ஏற்றினேன். 11 திரும்பி வந்துவிட்டது. ஐந்துக்கு மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவரின் ஒப்புதல் படிவம், சரியில்லை என்கிறார்கள். மூன்றில் வணிகச்சின்னம் தெரிகிறதாம். இரண்டில் ஃபோகஸ் தவறு, ஒன்றில் நாய்ஸ், புள்ளிப் புள்ளியாகத் தெரிகிறதாம். ரிலீஸில் என்ன தப்பு என்றே புரியவில்லை. அக்காவுக்குக் கை ஒழியாததால் நானே கையெழுத்துப் போட்டேன். சொந்தச் சித்திதானே நான்?

ஃபோகஸ் இல்லை என்று ஒதுக்கியதில் ஒன்றுதான் எனக்கு உயிர். அக்கா தோளில் சாய்ந்து, ஒரு கண் மட்டும் தெரிய, என்னைப் பார்க்கிறாள். கன்னம் தோளில் அழுந்தியதால் உதடு ஒரு பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் புருவம் கூர்மை, கருவிழி மங்கல். 85 மி.மீ. லென்ஸ், திறப்பை அகலமாக விட்டு எஃப் 1.8, ஜன்னல் வெளிச்சம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தப் போகும்போது கை சற்று நின்றது. இலைப் படத்துக்கு அப்படி நின்றதில்லை. அனுபவம் உள்ளவர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பழையலென்ஸ்:

முதலில் ரிலீஸ். சித்தி கையெழுத்து செல்லாது தங்கச்சி. பெற்றவர்களில் ஒருவரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் போட வேண்டும். பாசம் வேறு, பாதுகாவலர் பொறுப்பு வேறு. குழந்தைக்கென்று தனிப் படிவம், அதில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, படம் எடுத்த தேதி, கீழே அக்காவின் கையெழுத்து. அக்காவின் முகமும் படத்தில் அடையாளம் தெரிகிற அளவுக்கு இருந்தால் அவருக்கு இன்னொரு படிவம். சாட்சி கேட்கும் படிவம் என்றால் வேறு ஒருவரைப் போடச் சொல்லுங்கள், படம் எடுத்தவரே சாட்சியாக நிற்க வேண்டாம்.

வணிகச்சின்னம் என்றதும் எல்லோரும் எழுத்தைத்தான் தேடுவார்கள். சட்டையில் இருக்கும் கார்ட்டூன் உருவம், ஊருக்கே தெரிந்த பொம்மையின் வடிவம், டயப்பரின் இடுப்புப் பட்டையில் ஓடும் சின்ன டிசைன் எல்லாமே அதில் சேர்த்திதான். குழந்தைச் சாமான்களில் படம் இல்லாத பொருளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று வெறும் நிறத்தில் நாலு துணி தனியாக எடுத்து வையுங்கள். கையால் பின்னிய தொப்பி இருந்தால் தங்கம்.

ஃபோகஸ் விஷயம் சுத்தமான கணக்கு. முழு ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். குழந்தையின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் தூரமே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அவள் ஒரு மூச்சு இழுத்தாலே ஃபோகஸ் தாண்டிவிடும். திறப்பைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும், கண்ணும் உதடும் சேர்ந்து நிற்கும். ஷட்டர் வேகம் 1/250-க்குக் கீழே போகாதீர்கள், அந்தக் கைகள் சும்மா இருக்காது. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600 வரை ஏற்றுங்கள். நாய்ஸ் பெரும்பாலும் ஐஎஸ்ஓவால் வருவதில்லை. இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சத்தை ஏற்றுகிறோமே, அதனால்தான் வருகிறது.

நீங்கள் தேர்ந்தெடுத்த வயதுதான் இருப்பதிலேயே கடினம், அதையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் சுருண்டு தூங்கும். ஆறாவது ஏழாவது வாரத்தில் அழுகை உச்சத்தில் இருக்கும், முகம் பார்த்துச் சிரிப்பதும் அப்போதுதான் தொடங்கியிருக்கும். கழுத்து நின்று, குப்புறப்படுத்துத் தலையைத் தூக்கும் மூன்று நான்கு மாதம் நல்ல பருவம். உட்காரத் தெரிந்து தவழத் தெரியாத இடைவெளி ஒன்று வரும், சுமார் ஏழு மாதத்தில். அதைவிட வசதியான காலம் கிடையாது, வைத்த இடத்தில் இருக்கும். அதன் பிறகு வேற்று முகம் பார்த்தாலே அழத் தொடங்கிவிடும்.

தாதிமனம்:

பிறந்த குழந்தைகள் வார்டில் பல வருடமாக வேலை செய்கிறேன். கேமரா பற்றி எதுவும் தெரியாது. ஆனால் நீங்கள் எடுப்பதைப் பார்த்துத்தான் பல புதுத் தாய்மார்கள் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது என்று கற்றுக்கொள்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

வெளிச்சக்கீற்று, ஏற்றுக்கொண்ட அந்த மூன்று படங்களில் என்ன இருக்கிறது?

வெளிச்சக்கீற்று:

ஒன்று, பாதம் மட்டும். மற்ற இரண்டும் தூங்கும் படம், தாதிமனம் அக்கா. வெள்ளைத் தலையணை மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை ஒரு பக்கம் வைத்துத் தூங்குகிறாள். இடுப்பு வரை கம்பளிப் போர்வை. ரொம்ப அமைதியாக வந்திருக்கிறது. என் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தாதிமனம்:

அக்கா பக்கத்தில் இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் தூங்கச் செய்ய வேண்டும். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இலேயே குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. 1994-இல் நாடு முழுக்க அதற்காகப் பிரசாரம் தொடங்கினார்கள். அடுத்த சில வருடங்களில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது அங்கே பாதிக்கும் கீழே குறைந்தது. மருந்து இல்லை, கருவி இல்லை. திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் படங்கள் திரும்பவில்லை. 2009-இல் 'பீடியாட்ரிக்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. இளம் பெண்கள் படிக்கும் 28 பத்திரிகைகளை எடுத்து, அவற்றில் தூங்கும் குழந்தைகளின் படங்களை எண்ணிப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் தவறான நிலையில் படுத்திருந்தது. படுக்கை என்று பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பில்லாதது. கட்டுரையில் எழுத்து சரியாகச் சொல்லும், பக்கத்தில் இருக்கும் படம் தலையணையைக் காட்டும். தூக்கம் கெட்டு இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு எழுத்து நினைவில் நிற்காது, படம் நிற்கும்.

அமைதியாக வந்திருக்கிறது என்று சொல்கிறீர்கள். அதுதான் எனக்குப் பயம். அழகாக இல்லாவிட்டால் யாரும் அதை வாங்கிப் போட மாட்டார்கள்.

வார்டில் பார்த்ததில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். தாடையைக் கைகளில் தாங்கித் தவளை மாதிரி உட்கார்ந்திருக்கும் பச்சிளங்குழந்தைப் படங்கள் வருகிறதே, அதைச் செய்து பார்க்காதீர்கள். எந்தப் பிறந்த குழந்தைக்கும் தலையைத் தாங்கும் பலம் கிடையாது. ஒருவர் தலையைப் பிடிக்க ஒன்று, கைகளைப் பிடிக்க ஒன்று என்று தனித்தனியாக எடுத்து, கணினியில் பிடித்தவரின் கைகளை அழித்து ஒட்டியது அது. கூடை, நாற்காலி, உயர மேசை எதுவானாலும் ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எட்டும் தூரம் என்றால் எழுந்து வரும் தூரம் இல்லை.

துணி குறைவாகப் போட்டு எடுப்பதானால் அறை 26, 27 டிகிரி இருக்கட்டும், மின்விசிறி நேராகப் படக் கூடாது. அதே நேரம் அதிகச் சூடும் ஆபத்து. பின்கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் நிறுத்துங்கள். கை கால் விரல்கள் லேசாக நீலம் படர்ந்திருந்தால் முதல் சில நாட்களில் அது சாதாரணம். உதடும் நாக்கும் நீலமானால் படத்தை விடுங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் திடீர் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போடும். அதை மூன்று தடவை செய்தால் அன்றைய தூக்கம் போச்சு. சளி இருமல் இருக்கும் நாளில் யாரும் போக வேண்டாம்.

பழையலென்ஸ்:

பதின்மூன்று வருடத்தில் என் தொகுப்பில் தலையணைப் படம் எத்தனை இருக்கும் என்று இப்போது போய் எண்ணினேன். 22. ஒன்று என் முதல் பத்துப் படங்களில் விற்பனையில் முன்னே நிற்கிறது. இத்தனை நாளில் ஒரு ரிவ்யூவர்கூட இதைக் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாய்ஸைப் பார்க்கிறார்கள், சின்னத்தைப் பார்க்கிறார்கள், குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. இன்று இரவே நீக்குகிறேன் தாதிமனம். சொன்னதற்கு நன்றி.

இருபிள்ளைஅப்பா:

பொத்தானை அழுத்தப் போகும்போது கை நின்றது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மூத்தவன் ஐந்து மாதமாக இருக்கும்போது எடுத்த ஒரு படத்தை ஏற்றினேன். குளித்து முடித்து, துண்டு போர்த்தி, தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருக்கும். ரிலீஸில் நானே அப்பா, நானே புகைப்படக்காரன். கேள்வி கேட்க ஆளே இல்லை. நன்றாகவே விற்றது. சந்தோஷமாக இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

இப்போது அவனுக்குப் பதினொன்று. போன வருடம் அவன் வகுப்பில் யாரோ ஒரு தோல் வியாதிக் களிம்பின் விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். இடது காதுக்கு முன்னால் அவனுக்கு ஒரு மச்சம் உண்டு. படத்திலும் அது அப்படியே இருக்கிறது. அழவில்லை, சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துவிட்டு, விரலால் காதோரத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரொம்ப நேரம்.

அன்றே தளத்திலிருந்து நீக்கினேன். நீக்கினால் இனிமேல் யாரும் வாங்க முடியாது, அவ்வளவுதான். ஏற்கனவே வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஒரு தடவை பணம் கட்டினால் போதும் என்ற ராயல்டி ஃப்ரீ உரிமத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. இது எனக்கு முன்பே தெரியும். ஒப்பந்தத்தில் படித்திருக்கிறேன். ஆனால் படித்தபோது அது படத்தைப் பற்றிய விதியாகத்தான் தெரிந்தது, பையனைப் பற்றியதாகத் தெரியவில்லை.

வரிக்குவரி:

அண்ணா, அந்த விளம்பரத்தையே நீங்கள் கேள்வி கேட்டிருக்கலாம். பல தளங்களின் உரிமத்தில் இதற்கென்றே விதி உண்டு. ஷட்டர்ஸ்டாக் உரிமம், படத்தில் இருப்பவரை உடல் நோயோ மன நோயோ உள்ளவராகக் காட்டுவதைத் தடை செய்கிறது. இப்படி நுட்பமான விஷயத்துக்குப் படத்தைப் போட்டால் 'இவர் மாடல் மட்டுமே' என்ற குறிப்பு வேண்டும் என்று கெட்டி இமேஜஸ் கேட்கிறது. உங்கள் தளத்தின் உரிமத்தை எடுத்துப் பாருங்கள், அப்படி ஒரு வரி இருந்தால் விளம்பரத்தின் திரைப்பிடிப்போடு எழுதுங்கள். தாமதம் ஆகிவிட்டது என்று விட வேண்டாம்.

குழந்தையின் முகம் யாருடையது என்பதற்கு என் மனதில் நிற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. கிரேக்கத்தில் 1997-இல் ஒரு மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. பிறந்த மறுநாள், பெற்றோரைக் கேட்காமலேயே அங்கிருந்த புகைப்படக்காரர் தொற்றுத்தடுப்பு அறைக்குள் போய் நேர்முகமாக இரண்டு படம் எடுக்கிறார், பெற்றோருக்கு விற்பதற்காக. அவர்கள் நெகட்டிவைக் கேட்கிறார்கள், மருத்துவமனை மறுக்கிறது. உள்ளூர் நீதிமன்றங்கள் கைவிட்டுவிட்டன. 2009 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் படம் எங்கேயும் வெளியாகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடுத்ததும், கேட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டதுமே அந்தக் குழந்தையின் தனிவாழ்வில் குறுக்கிட்டதுதான் என்றார்கள். ஒரு நாள் வயதுக் குழந்தைக்கு!

வெளிச்சக்கீற்று, இன்றைக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சொன்னதை வைத்துத் தானே படம் உருவாக்கும் ஃபயர்ஃபிளை என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியை அடோபி 2023-இல் கொண்டுவந்தபோது, அடோபி ஸ்டாக் படங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்ததாக அவர்களே சொன்னார்கள். ஷட்டர்ஸ்டாக்கும் பயிற்சிக்குப் படங்களைக் கொடுக்கிறது. கண்டிப்பாகத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அக்கா கையெழுத்துப் போடும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிலீஸைப் படித்துக் காட்டுவது என்றால் இதையும் சேர்த்துத்தான்.

நிழல்விரல்:

இவ்வளவு பயம் வேண்டுமா? ஒரு குழந்தையின் முகம் ஆறு மாதத்தில் மாறிவிடும். உலகத்தில் பாதிக் குழந்தைகள் ஒரே மாதிரிதான் இருக்கும். 1928-இல் கரிக்கோலால் வரைந்த ஒரு குழந்தை முகத்தை குழந்தை உணவு விற்கும் கெர்பர் நிறுவனம் 1931-இல் வணிகச்சின்னமாக்கியது. அந்தக் குழந்தை யார் என்று 1978 வரை பொதுவில் சொல்லவே இல்லை. அந்தக் குழந்தைதான் ஆன் டர்னர் குக். வளர்ந்து ஆசிரியை ஆனார், துப்பறியும் நாவல் எழுதினார், 95 வயது வரை இருந்தார், அந்தப் படத்தைப் பற்றி மகிழ்ச்சியாகவே பேசினார்.

இருபிள்ளைஅப்பா:

அந்த அம்மா மகிழ்ச்சியாகப் பேசினார் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அது கோட்டோவியம், ஒரே நிறுவனம், ஒரே பயன்பாடு. என் பையனின் படத்தை எத்தனை பேர் எந்தெந்த நாட்டில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே சொல்லத் தெரியாது. முகம் மாறும், மச்சம் மாறாது.

பசும்புல்:

இங்கே எல்லோரும் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் எடுக்க வேண்டாம் என்று முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் சுகாதாரக் கையேடுகளுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஸ்டாக் தளங்களில்தான் போகிறது. மஞ்சள் காமாலை பார்க்கும் பெற்றோருக்கு ஒரு பக்கம் தயாரிக்க வேண்டும், பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் தோல் மஞ்சளாவது எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். தேடினால் கிடைக்கும் குழந்தைகள் எல்லாம் ஒரே வெளிர் ரோஜா நிறம், மெழுகு மாதிரி தோல். மூக்கின் மேல் வரும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி, உச்சந்தலைச் செதில், கன்னத்துப் பருக்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். தன் குழந்தைக்கு அது இருப்பதைப் பார்க்கும் தாய் பயந்துபோகிறாள், ஏனென்றால் அவள் பார்த்த எந்தப் படத்திலும் அது இல்லை. கருத்த தோல் உள்ள குழந்தையின் படம் வேண்டும் என்றால் தேடல் இன்னும் நீளும். நல்ல மனதுள்ளவர்கள் எடுக்காமல் விட்டால் அந்த இடத்தை இயந்திரம் வரைந்த குழந்தை நிரப்பும். அதற்குச் சரியாகப் பால் குடிக்கக்கூடத் தெரியாது, வாய் காம்பை மட்டும் பிடித்திருக்கும்.

எனக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது எது தெரியுமா? கங்காரு முறை. அம்மாவோ அப்பாவோ வெறும் மார்பில் குழந்தையை நிமிர்த்தி வைத்து அணைத்துக்கொள்வது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்கு உயிர் காக்கும் முறை, நிறைமாதக் குழந்தைக்கும் நல்லது. இதைச் சரியாக எடுத்த படம் அபூர்வம். குழந்தையின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கும் வாயும் மூடாமல், தாடை நெஞ்சில் புதையாமல் இருக்க வேண்டும். கேமரா பின்பக்கத் தோள் உயரத்தில் இருந்தால் குழந்தையின் முகம் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. கன்னத்தின் வளைவு, முடி, முதுகில் விரிந்த அப்பாவின் கை, அவ்வளவு போதும்.

அப்படி ஒரு படம் கிடைத்தால் நான் பத்துக் கையேட்டில் போடுவேன்.

தாதிமனம்:

பசும்புல், அந்தப் படத்தை எங்கள் வார்டு சுவரில்கூட ஒட்டலாம். வெளிச்சக்கீற்று, மாமா ஒத்துக்கொண்டால் எடுக்கும்போது குழந்தையின் முதுகில் ஒரு துணி மட்டும் போர்த்துங்கள், டயப்பர் இருக்கட்டும். குழந்தைகளை உடையில்லாமல் காட்டும் படங்களைப் பல தளங்கள் ஏற்பதில்லை, நாமும் கொடுக்கக் கூடாது.

வெளிச்சக்கீற்று:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இந்த இழை முழுவதையும் அக்காவுக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். இருபிள்ளைஅப்பா எழுதியதைப் படித்ததும் அக்கா குழந்தையின் காதோரத்தைத் தடவிப் பார்த்தாள். இவளுக்கு மச்சம் வலது முழங்கையில் இருக்கிறது. முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம், அவளாகக் கேட்கிற வயதில் அவளே சொல்லட்டும் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. பொத்தான் முன்னால் கை நின்றது எதனால் என்று இப்போது தெரிகிறது. தோளில் சாய்ந்த அந்த மங்கலான படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு ஃபோகஸ் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தோம். மாமா ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார், பழையலென்ஸ் அண்ணா சொன்னபடி எஃப் 4, 1/250, ஐஎஸ்ஓ 1250. குழந்தை பத்து நிமிடம் சிணுங்கினாள். மாமாவின் மூச்சு ஏறி இறங்க ஏறி இறங்க, அவளும் அதே கதிக்கு வந்துவிட்டாள். முதுகில் இருந்த கையின் சுண்டுவிரல் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது, எல்லாப் படத்திலும் அந்த ஒரு விரல் லேசாக அசைந்திருக்கிறது. திருத்தவில்லை. முழங்கை துணிக்குள்ளேயே இருந்தது. தோள்பட்டையில் மெல்லிய ரோமம், தோல் உரிந்த இடம் எல்லாம் அப்படியே விட்டிருக்கிறேன் பசும்புல். குழந்தைக்கு ஒரு படிவம், மாமாவுக்கு ஒன்று, பயிற்சிக்குப் போகும் விஷயத்தையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். நாலு படம் ஏற்றினேன், மூன்றை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் தூங்கும் படம் ஒன்று, தாதிமனம் அக்காவுக்காக. மல்லாக்க, வெறும் மெத்தை, கால் பக்கத்திலிருந்து எடுத்தது, முகம் தெரியாது. அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

பழைய தலையணைப் படங்கள் இரண்டையும் அன்றே நீக்கினேன். ஒன்றை நீக்கும் முன்பே ஒருவர் வாங்கியிருக்கிறார். எந்த நாடு என்றுகூடக் காட்டவில்லை. யார் என்று சொல்லுங்கள், சரியான படத்தை இலவசமாகத் தருகிறேன், அதை மாற்றிப் போடச் சொல்லுங்கள் என்று தளத்துக்கு எழுதிக் கேட்டேன். வாங்கியவர் விவரம் தர முடியாது என்று பதில் வந்தது. என் கடிதத்தை அவருக்கு அனுப்பியாவது வையுங்கள் என்று நேற்று மறுபடி எழுதியிருக்கிறேன்.